ஊர்காவற்றுறையில் கற்ற ஒரு சொல்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி, யன்னலோரமாக ஓர் இருக்கை கிடைத்துவிட்டால் அன்றைய பயணம் நல்ல பயணம்தான். பஸ் பண்ணை வீதியில் ஏறியதும் இருபுறமும் ஆழமில்லாத கடல். நீருக்குள் வரிசையாக நட்ட தடிகள், அவற்றில் கட்டிய வலைகள், இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்பவர்கள், கரையோரம் கொக்குகள். அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். பனங்கூடல்களுக்கு நடுவே புதிதாக நிறம் பூசிய வீடுகளும் தெரியும். கூரையில்லாமல், சுவருக்குள் மரம் முளைத்த வீடுகளும் தெரியும். 1990களின் தொடக்கத்தில் இத்தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை.

திரும்பி வந்தவர்களில் ஒருவர், சென்ற ஆண்டு ஒருநாள் அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். ஊர்காவற்றுறையில் எமது மாதர் குழுவின் உறுப்பினர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். அதனால் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தங்கச்சி. ஐந்து வயதில் தாயின் இடுப்பிலும் தோளிலுமாக இந்தத் தீவைவிட்டுப் போனவர். பிறகு 1995இல் வலிகாமத்திலிருந்து வன்னிக்கு, 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாமுக்கு. கணவர் 2009இல் இல்லாமற் போனார். இப்போது பதினாறு வயது மகளும் அவருமாகத் தகப்பன் வழி வளவில் இருக்கிறார்கள். கணக்குப் பதிவுப் பயிற்சிநெறி ஒன்றை முடித்திருந்தார். கையில் ஒரு கடித உறை. அதை மடியில் வைத்து, திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“என்ன கடிதம், அக்கா?”

“நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். கப்பல் சாமான்களுக்குப் பத்திரம் எழுதுற கொம்பனி. யாழ்ப்பாணத்திலையும் கிளை திறக்கப் போகினமாம். நேர்முகம் மட்டும் கொழும்பிலை.”

“நல்ல விஷயமெல்லே!”

“நல்ல விஷயம்தான். ஆனால் நான் போகேல்லை, தங்கச்சி.”

காரணத்தை உடனே சொல்லவில்லை. வேலணை தாண்டிய பிறகுதான் கடிதத்தை என் கையில் தந்தார். முகவரியில், கட்டடத்தின் பெயரின் கடைசிச் சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். கியூ, யூ, ஏ, வை. நான்கே நான்கு எழுத்து.

முகவரியைக் கேட்டு உறுதிப்படுத்துவதற்காக முதல்நாள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். எழுத்தைக் கூட்டி ‘குவே’ என்று வாசித்திருக்கிறார். மறுமுனையில் பேசிய பெண்பிள்ளை சிரித்துவிட்டு, அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பக்கத்திலிருந்தவருக்கும் கேட்கச் செய்திருக்கிறாள். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

“ஒரு சொல்லையே வாசிக்கத் தெரியாதவளுக்கு அங்கை என்ன வேலை? நேரிலை போய் இன்னும் எத்தினை பேருக்கு முன்னாலை சிரிப்பு வாங்கிறது?”

நான் சிறிது நேரம் பேசவில்லை. ஏனென்றால் அந்த நான்கெழுத்து எனக்கும் பழைய பகையாளி.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறை. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒருவர். ஓர் அறிக்கையை ஆளுக்கொரு பந்தியாக உரத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த பந்தியில் சிங்கப்பூரின் ஆற்றங்கரை உணவுக்கடைகளைப் பற்றி எழுதியிருந்தது. ‘போட் குவே’ என்று வாசித்தேன். மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. யாரோ ஒருவர், “கீ, கீ” என்று திருத்தினார். நான் வாசித்து முடித்தேன். அதன்பின் இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை.

நான் வாய் திறக்காததால் இழப்பு எனக்கு மட்டுமென்றால் பரவாயில்லை. தீவகப் பெண்கள் என்னிடம் ஒரு விஷயத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பட்டணத்தில் வேலை முடித்து வரும் பெண்களுக்கு மாலையில் இன்னுமொரு பஸ் வேண்டும் என்பதே அது. “உங்கள் மாவட்டத்தின் தேவை என்ன?” என்று கேட்டபோது, எல்லாம் முன்னையவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். அந்தத் தேவை எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. ஒரு சொல்லில் பிழை விட்டதற்காக நான் கூனிக் குறுகியதன் விலையை, இருட்டில் நடந்து வந்த பெண்கள் கொடுத்தார்கள்.

இதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “சமூகவியல் படிச்ச உங்களுக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

ஊர்காவற்றுறையில் இறங்கினோம். குழுக் கூட்டம் முடிந்ததும் நான் காரைநகருக்குப் போகவேண்டியிருந்தது. “பாதை வரைக்கும் வாறன்” என்று அக்காவும் கூட நடந்தார். வெளியூர் வாசகியருக்காக ஒரு குறிப்பு: இங்கே பாதை என்பது வீதியல்ல. ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடலைக் கடக்கும் தட்டையான மிதவைதான் பாதை. துறையில் நின்று பார்த்தால் கடலின் நடுவே ஒரு கோட்டை தெரியும். எங்கள் மக்கள் அதைக் கடற்கோட்டை என்பார்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். இலங்கையின் வரைபடம் பன்றித்தொடை போல அவர்களுக்குத் தோன்றியதாம். அதன் குதிப்பக்கத்தில் இருப்பதால் ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயர் வைத்தார்கள். ஒருகாலத்தில் சிறைக்கூடமாகவும் இருந்த அது, பின்னாளில் கடற்படையின் விடுதியாகியது.

துறையில் பாதைக்காகக் காத்திருந்த ஒரு வயோதிபர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இங்கிலிஸ் சொல்லோ?” என்று கேட்டவர், தலையை ஆட்டிவிட்டு, “எங்கடை ஊருக்கும் இங்கிலிஸிலை ஒரு பேர் இருக்குத்தானே. கைட்ஸ். அது பறங்கி வைச்ச பேர். ஆனைத்துறை எண்டு கருத்து” என்றார்.

அந்தக் கணத்தில்தான் நான் படித்தும் பொருத்திப் பார்க்காத ஒன்று எனக்குப் பொருந்தியது.

போர்த்துக்கேயர் இந்தத் துறையைத் தங்கள் மொழியில் ‘யானைகளின் துறை’ என்று அழைத்தார்கள். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். பின்வந்த ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தை விடவில்லை. போர்த்துக்கேய மொழியில் துறைக்கு ‘கைஷ்’. காலப்போக்கில் ‘யானை’ உதிர்ந்துபோய்த் ‘துறை’ மட்டும் மிஞ்சியது. பின்வந்தவர்களின் வாயிலும் எழுத்திலும் மாறி அது ‘கைட்ஸ்’ ஆனது. சிலர் கைட்ஸ் என்பார்கள், சிலர் கேய்ட்ஸ் என்பார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

இப்போது அக்காவின் கடிதத்துக்கு வருவோம். கியூ, யூ, ஏ, வை என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் துறைதான்: கப்பல் வந்து அணைந்து, ஆளும் பொருளும் இறங்கும் கட்டிய கரை. போர்த்துக்கேயரின் ‘கைஷ்’, ஆங்கிலேயரின் அந்தச் சொல், இரண்டுமே பழைய பிரெஞ்சு மொழிவழி வந்த உடன்பிறப்புகள். இன்னும் பின்னால் போனால், வேலி என்று பொருள்படும் கெல்ற்றிய மொழிச் சொல்லில் போய் நிற்கும் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். எந்தச் சொல்லுக்குப் பயந்து அக்கா கொழும்புக்குப் போகமாட்டேன் என்றாரோ, அந்தச் சொல் அவருடைய ஊரின் பெயராக அவருடைய அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் இருக்கிறது!

“அப்ப அது எங்கடை சொல்லோ?” என்று அக்கா சிரித்தார். அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

“எங்கடையும் இல்லை, அவையின்ரை மட்டும் சொத்தும் இல்லை, அக்கா. கப்பலிலை வந்த சொல்லு.”

இனி உச்சரிப்பு. அது ‘குவே’ அல்ல, ‘கீ’. திறப்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வோமோ, அதே நெடில் ஒலி. ஏன் இப்படி எழுத்தொன்று ஒலியொன்று? ஆதியில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத் திறப்புக்கு எழுதுவதைப் போலவே கே, ஈ, வை என்றுதான் எழுதிவந்தார்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சு மொழியின் எழுத்து நாகரிகமாகத் தோன்றவே, அதைப் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். வாயை மாற்றவில்லை. ஆகவே எழுத்தைக் கூட்டி வாசிப்பவர் எவரும் இதில் இடறத்தான் வேண்டும். அமெரிக்க அகராதிகளில் ‘கே’, ‘குவே’ என்ற உச்சரிப்புகளும் கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையிலும் இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் ‘கீ’ என்றால் போதும். சிங்கப்பூரின் ரயில் நிலையமொன்றின் பெயர்ப்பலகையில், எங்கள் தமிழிலேயே ‘கிளார்க் கீ’ என்று எழுதியிருக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்திலும் எலிசபெத் மகாராணியின் பெயரில் ஒரு ‘கீ’ இருந்தது. 1999இல் அது தனியார் கொள்கலன் முனையமாக மாறியது.

நான் அன்று இடறிய ‘போட் கீ’யைப் பற்றியும் பிறகு தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே தோணியில் சாமான் ஏற்றியிறக்கியவர்களில், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் தொழிலாளர் பெருந்தொகையினர். பக்கத்துத் தெருவொன்று இன்றும் அவர்களின் பெயரால் வழங்குகிறது. அவர்கள் அந்தச் சொல்லை எப்படி உச்சரித்தார்களோ! மூட்டை மட்டும் கரை சேர்ந்தது.

பாதை வந்தது. அக்காவும் ஏறிக்கொண்டார். “அக்கரைக்குப் போட்டு இதிலையே திரும்பி வாறன்” என்றார். கடற்கோட்டையைப் பார்த்தபடி இருவரும் பேசிக்கொண்டே போனோம்.

ஊர்காவற்றுறைக்குப் பழைய பெயர் ஊராத்துறை. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று தமிழில் உண்டு. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு திறைசேரிக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்கெங்கோ இருந்து என்னென்ன மொழி பேசிக்கொண்டு இந்தத் துறையில் இறங்கியிருப்பார்கள்! எங்கள் சொற்களை எப்படியெல்லாம் உடைத்திருப்பார்கள்! யாழ்ப்பாணம் என்ற பெயரைச் சொல்ல வராமல்தானே ஜப்னா என்றார்கள்? திருகோணமலையை ரிங்கோமலி என்றார்கள். அதற்காக எவரும் வெட்கப்பட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை.

“தங்கச்சி, நான் இங்கிலிஸ் படிச்சது கிளிநொச்சியிலை. ஒரு கிழிஞ்ச புத்தகம். வாசிச்சுக் காட்ட ரீச்சர் இல்லை” என்றார் அக்கா.

இதுதான் உண்மை. சொற்களைக் காதால் கற்றவர்கள் உண்டு. கண்ணால் மட்டும் கற்றவர்களும் உண்டு. வீட்டிலும் பாடசாலையிலும் ஆங்கிலம் காதில் விழுந்தவர்களுக்கு ‘கீ’ இயல்பாக வரும். பதுங்குகுழிக்கும் முகாமுக்கும் இடையில், மண்ணெண்ணெய் விளக்கில், யாருமில்லாமல் எழுத்தைப் பார்த்துக் கற்றவருக்கு ‘குவே’ என்றுதான் வரும். அந்தப் பிழை அவர் கல்லாததன் அடையாளமல்ல. தனியாகக் கற்றதன் அடையாளம்.

இதைச் சொல்வதால், உச்சரிப்பு எப்படியும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சரியான ஒலி தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் வாய் திறக்கத் தைரியம் வரும். அதனால் பாதையில் நின்றபடியே பயிற்சி செய்தோம். முதலில் திறப்பு: கீ. பிறகு கட்டடத்தின் முழுப்பெயர். பிறகு “நான் இன்ன இடத்துக்குப் போகவேண்டும்” என்ற முழு வசனம். பத்துத் தரம் சொன்னபின் அக்காவின் நா அதை மறக்கவில்லை. பக்கத்தில் மோட்டார் சைக்கிளுடன் நின்ற பையனும் சேர்ந்து சொல்லிப் பார்த்தான்.

நேர்முகத்துக்கு அக்கா போனார். இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கி, ஓட்டோக்காரரிடம் கட்டடத்தின் பெயரைத் திருத்தமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு விளங்கவில்லை! மறுபடியும் ‘கீ’ என்று சொல்ல, அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆ, வராய!” என்றாராம். சிங்களத்தில் துறைமுகம். பிறகு அக்காவைக் கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். இதைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சன், அந்த மனுசனுக்கு அது தேவைப்படேல்லை.”

நேர்முகத்தில் அந்தச் சொல்லை ஒரே ஒரு தரம் சொல்ல வேண்டியிருந்ததாம். சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. சரியாகச் சொன்ன சொல்லை யாரும் கவனிப்பதில்லை. வேலை கிடைக்கவில்லை. கணினியில் கணக்குச் செய்த அனுபவம் வேண்டும் என்றார்கள். ஆனால் எழுந்து வருவதற்கு முன் அக்கா ஒன்று கேட்டிருக்கிறார், ஆங்கிலத்திலேயே: “நான் எதைப் படித்துக்கொண்டு வரவேண்டும்?” அவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளுடன் வந்து, யாழ்ப்பாணத்தில் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். தொலைபேசியை வைத்த கை, கேள்வி கேட்கும் வாயாக மாறியதே, அதுவே எனக்குப் பெரிது.

நானும் சும்மா இருக்கவில்லை. மாலை பஸ் விடயத்தை அடுத்து வந்த கூட்டத்தில் தமிழிலேயே எழுந்து சொன்னேன். இம்முறை அது குறிப்பில் ஏறியது. பஸ் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் குழுவில் இப்போது மாதக் கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் ஆங்கிலச் சொற்கள். பெரிய சொற்கள் அல்ல. எங்கள் கையில் வரும் கடிதங்களிலும் படிவங்களிலும் இருக்கிற, இடறவைக்கும் சின்னச் சொற்கள். கடனுக்கான சொல்லில் ‘பீ’ எழுத்து உண்டு, ஒலி இல்லை: ‘டெற்’. பற்றுச்சீட்டில் ‘பீ’ என்ற இன்னொரு எழுத்து, அதற்கும் ஒலி இல்லை: ‘றிசீற்’. இவையெல்லாம் இலத்தீன் மொழியைப் பார்த்து, படித்தவர்கள் பின்னாளில் செருகிய எழுத்துகள். தீவுக்கான சொல்லிலும் ஓர் ‘எஸ்’ சும்மா நிற்கிறது: ‘ஐலண்ட்’. அதுவும் வேறொரு சொல்லைப் பார்த்து ஒட்டிக்கொண்டதுதான். கடனட்டையோடு வருபவரிடம் பேசும்போதும், வங்கியில் பற்றுச்சீட்டுக் கேட்கும்போதும் இந்தச் சொற்கள் எங்கள் பெண்களுக்குத் தேவை. தெரியாத சொல்லை முதல்நாளே ஒருவரிடம் கேட்டு வைப்பதில் வெட்கமில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் கைத்தொலைபேசி அகராதி வாசித்துக் காட்டும். அதுவும் இல்லாவிட்டால் எழுத்தைக் காட்டி, “இதை எப்படிச் சொல்வது?” என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். இவை எதுவும் முடியாதபோது பிழையாகவே சொல்லிவிட்டு, சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கலாம்.

சகோதரிகளே, எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு எங்கள் ஊரின் பெயர் என்னவென்று தெரியாது. போனமாதக் கூட்டத்தில் அக்கா கரும்பலகையில் அந்த நான்கெழுத்தை எழுதி, பக்கத்தில் கைட்ஸ் என்றும் எழுதினார். எழுபது வயது அம்மா ஒருவர் முன்வரிசையில் இருந்தபடி, “கீ” என்று பொக்கைவாயால் சொல்லிவிட்டு, “சரி பிள்ளை, விளங்கீட்டுது. அடுத்த சொல்லை எழுது” என்றார்.